ஏழாம் தடத்தில் தூசி

முன்னால் ஒன்றுமே இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். தொழுகைக்குப் போனவர்கள் திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தின் அந்தப் பெரிய கிடங்கில், தகரக் கூரை வெயிலில் படபடக்க, அட்டைப்பெட்டி வாசமும் டீசல் வாசமும் மூச்சில் அப்ப, லியனார்ட் மட்டும் தனியாக நின்றான். ஆள் ஓட்டாத ஃபோர்க்லிஃப்ட் அது. அதன் தலையில் சுழலும் லேசர்க் கண் ஒளியை வீசி, பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, எதிரில் இருப்பதையெல்லாம் புள்ளி புள்ளியாக வரையும். அந்தக் கண்ணைப் பராமரிப்பது லியனார்டின் வேலை.

கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்தான். சரக்கு அடுக்குகளுக்கு நடுவே ஓடும் ஏழாம் தடத்தில், வண்டிக்கு நாலு மீட்டர் முன்னால், புள்ளிகள் குவிந்திருந்தன. குந்தி உட்கார்ந்த உருவம். அதன் முழங்கை முன்னும் பின்னும் அசைந்தது.

நிமிர்ந்து தடத்தைப் பார்த்தான். வெறும் தரை.

துப்புரவு வேலை செய்த மாரியாயி அக்கா அப்படித்தான் குந்தி, தரையில் ஒட்டிய டேப்பைத் தகட்டால் சுரண்டுவார். மூன்று வாரத்துக்கு முன் இதே தடத்தில் வண்டி அவர்மேல் ஏறியது. அதற்குச் சில நாள் முன்புதான், தூசிக்கெல்லாம் வண்டி நிற்கிறதென்று மேனேஜர் கமலநாதன் கத்தக் கத்த, இடுப்பு உயரத்துக்குக் கீழே தெரிவதையெல்லாம் தூசி என்று தள்ளும்படி செட்டிங்கை மாற்றியவன் லியனார்ட். விபத்தன்றே கமலநாதனைத் தவிர யாருக்கும் தெரியாமல் பழையபடி ஆக்கிவிட்டு, "அவங்கதான் திடீர்னு குறுக்க வந்துட்டாங்க," என்று விசாரணையில் வாய் கூசாமல் சொன்னான், பாவி. "எங்கம்மா அப்படி வரமாட்டாங்க அங்கிள்," என்று மகள் ஷாமினி அழுதாள். திங்கட்கிழமை விசாரணை அறிக்கையில் அவன் கையெழுத்துப் போட்டால் பழி முழுக்கச் செத்துப்போனவர் தலையில்தான்.

ஃபோன் அடித்தது. கமலநாதன்.

"என்ன லா, வண்டி நிக்குது? மூணு மணிக்குக் கண்டெய்னர் வந்துரும்."

"பாஸ்... முன்னால யாரோ இருக்காங்க."

"கண்ணால பாத்தியா?"

"இல்ல, ஆனா..."

"அப்ப தூசிதான். அந்தச் செட்டிங்கையே மறுபடி போடு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி பாஸ்," என்றுதான் நாக்கு புரண்டது.

விரல் அழுத்தியது. இடுப்புக்குக் கீழே எல்லாம் தூசி. உருவம் மறைந்தது.

வண்டி மறுபடி கிளம்ப இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குள் தடத்தை நடந்து பார்த்துவிட வேண்டும், அது அங்கே விதி. நடந்தான். எலுமிச்சைப்புல் வாசம் வந்தது. அக்கா தரை துடைக்கும் தண்ணீரின் வாசம். பிறகு சத்தம். சரக். சரக். சிமெண்டில் தகடு உரசியது.

காலடியில்.

தரை ஈரம். வழுக்கி மல்லாந்து விழுந்தான். டேப்லட் எட்டாத தூரத்தில் போய் ஒரு பெட்டியில் சாய்ந்து நின்றது. எழப் போனான். முடியவில்லை. கணுக்காலில் குளிர்ந்த பிடி.

மோட்டார் முனகியது.

"நான்தான் அக்கா!" என்று அலறினான். "நான்தான் மாத்தினேன்! உங்கமேல தப்பே இல்ல!"

கேட்க ஆளில்லை. சுரண்டல் நின்றது. வண்டி நிற்கவில்லை.

டேப்லட்டில் தடம் சுத்தமாகக் காலியாக இருந்தது. அதில் அவன் இல்லை. அவன் கணுக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து விரல்கள் மட்டும், புள்ளி புள்ளியாக, வெறுமையை இறுகப் பற்றியிருந்தன.