நிறம் வராத தண்ணீர்

வாங்க கண்ணுகளா, இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், அடுத்தவர் மடியில் மட்டும் வேண்டாம். இன்று ஒரு தண்ணீர்க் கதை சொல்லப்போகிறேன். இதில் சிரிப்பு கொஞ்சம்தான். மனசு கனக்கிற இடம் நிறைய வரும். வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டுவிட்டுப் போகமாட்டேன்.

ஒரு வீட்டில் நாலு பேர். அப்பா கொத்தனார். அம்மா சலவைக் கடையில் துணி வெளுக்கிறவர். பெரிய பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. சின்னவளுக்குப் பத்து. எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வருவாள் என்பதால் சின்னவளுக்குச் சுண்டெலி என்று பெயர். பள்ளிக்கூட டீச்சர்கூடச் சில நேரம் மறந்துபோய் அப்படியே கூப்பிட்டுவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது அவள் கால்களின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தரையில் நடக்க இரண்டு ஊன்றுகோல் வேண்டும். அப்போதும் பத்தடியில் மூச்சு வாங்கும்.

ஆனால் தண்ணீருக்குள் அவள் நடப்பாள். மார்பளவுத் தண்ணீரில், யாரையும் பிடிக்காமல், நிமிர்ந்து, அரை மணி நேரம்.

அதற்காகத்தான் அப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் தொட்டி கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்து எட்டு மாதத்தில் முடித்தார். வேலை பார்த்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸைக் கொண்டுவந்து பதித்தார். ஒரு வரிசை நீலம், ஒரு வரிசை பச்சை, ஒரு மூலையில் மட்டும் யார் வீட்டுக் குளியலறைக்கோ வாங்கிய வாத்துப் படம்.

வாரம் ஒருமுறை பயிற்சிக்காரம்மா வருவார். அக்காவின் முட்டியை மடக்குவார், பாதத்தை அழுத்திப் பார்ப்பார்.

"தண்ணியில நடக்கறத மட்டும் விட்டுடாதீங்க. விட்டா தசை இறுகிடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்பார்.

தொட்டித் தண்ணீர் கெடாமல் இருக்கக் குளோரின் தூள் போடவேண்டும். வீட்டில் அதற்கு மருந்து என்று பெயர். பிள்ளைகள் அந்த டப்பாவைத் தொடவே கூடாது. மருந்து குறைந்தால் கிருமி வரும். கூடினால் கண்ணும் தோலும் எரியும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதிலிருக்கும் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைக் கோடுவரை எடுத்து, ஒரு பொடி மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறும். அதை அட்டையில் எண் போட்டிருக்கும் நிறங்களோடு ஒப்பிடவேண்டும். ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருந்தால் இறங்கலாம்.

ஒருமுறை ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. இலையும் சேறும் விழுந்து தண்ணீர் பச்சையாகிவிட்டது. அப்பா இலையை எல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு மருந்து டப்பாவைத் திறந்தார். ஒரு டம்ளர் போடவேண்டிய இடத்தில் நாலு டம்ளர் போட்டார். கொத்தனார் கை அல்லவா? கலவை இளகினால் இன்னொரு சட்டி சிமெண்ட் போட்டுப் பழகிய கை.

மறுநாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. அப்பா கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்தார், மாத்திரை போட்டார், குலுக்கிச் சுவர்மேல் வைத்தார். பிறகு டீ குடித்தார். எந்தக் கலவையும் கொஞ்ச நேரம் ஊறவேண்டும் என்பது அவர் கட்சி. டீ முடிந்து எடுத்துப் பார்த்தால், குழாயில் நிறமே இல்லை.

"என்ன இது, மருந்தே இல்லைங்குது!" என்று இன்னொரு டம்ளர் போட்டார்.

அடுத்த நாளும் நிறம் வரவில்லை. இரண்டு டம்ளர் போட்டார். மருந்து விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தார்.

"நிறம் வருதா?"

"வரலைங்க."

"வரலன்னா மருந்து இல்லன்னு அர்த்தம். போடுங்க" என்று சொல்லிக் கடைக்காரர் பட்டென்று வைத்துவிட்டார். பாவம், அவருக்கும் அவசரம்.

"கண்ணு எரியுதுப்பா" என்றாள் அக்கா.

"கிருமியா இருக்கும்மா. மருந்து பத்தல. இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோ."

இரண்டு நாளில் அவள் கண் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டன. கழுத்திலும் முதுகிலும் தோல் தடித்தது. பயிற்சிக்காரம்மா பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில இனிமே இறக்காதீங்க" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எல்லோருக்கும் பயமாக இருந்தது.

ஒரு நாள் போனது. ஒரு வாரம் போனது. அக்கா தொட்டிப் பக்கம் போகவில்லை. அப்பா தினமும் காலையில் பார்த்தார், தினமும் நிறம் வரவில்லை, தினமும் போட்டார். தொட்டியிலிருந்து வந்த நெடி அடுத்த வீட்டுக்காரரையும் தும்ம வைத்தது. அப்படியும் குழாயில் வெறும் தண்ணீர்.

ஒரு சாயங்காலம் அப்பா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, டைல்ஸ் இடுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என் சிமெண்ட்தான் மருந்தைக் குடிக்குது" என்றார் அம்மாவிடம். "எங்கேயோ கலவையைத் தப்பாப் போட்டுட்டேன். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வீடு கட்டினேன். என் புள்ளைக்கு ஒரு தொட்டி கட்டத் துப்பில்ல."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்ல? சனிக்கிழமை மண் லாரிக்குச் சொல்லிட்டேன். மூடிடலாம்."

அக்கா கதவருகில் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். "மூடிடுங்கப்பா" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொன்னால் "சரி" என்போமே, அப்படிச் சொன்னாள்.

அன்று சுண்டெலி சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு போனாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு ஆட்டம்."

"வேண்டாம்."

"நான் தோத்துடறேன், வா."

"நீ எப்பவும் தோக்கறவதானே." பிறகு சுவரைப் பார்த்தபடியே அக்கா சொன்னாள்: "என் குதிகால் தரையைத் தொட மாட்டேங்குது. நாலு நாளாச்சு. யார்கிட்டயும் சொல்லாதே. அப்பா தாங்கமாட்டார்."

பத்து வயசுப் பெண் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள், சொல்லுங்கள்? சீட்டுக்கட்டைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அம்மா அக்காவின் துணிகளை மடித்து வைத்தார். நீல நிற நீச்சல் உடையை விரித்துப் பார்த்தார். அது திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

"புதுசு. அதுக்குள்ள பாரு. கடையில நாங்க பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினாத்தான் சாயம் இப்படிப் போகும்" என்று சொல்லி, அதை மடித்து அலமாரியின் அடியில் வைத்தார். இனித் தேவைப்படாத துணிகளை வைக்கிற இடம் அது.

சனிக்கிழமை வந்தது. லாரி இன்னும் வரவில்லை. பழக்க தோஷத்தில் அப்பா குழாயை எடுத்தார், தண்ணீர் பிடித்தார், மாத்திரை போட்டார். சுண்டெலி குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரையைச் சுற்றி ரோஸ் நிறம் புகை போலக் கிளம்பியது. அடுத்த நொடி காணவில்லை.

"அப்பா! ரோஸ் வந்துச்சு!"

அப்பா டீயை வைத்துவிட்டுப் பார்த்தார். நிறமில்லை. "கண்ணு ஏமாத்துதும்மா" என்றார்.

"இல்லப்பா, வந்துட்டுப் போயிடுச்சு. நான் ஒரு தடவை பண்ணட்டுமா?"

"பண்ணிக்கோ. பெட்டியையே வச்சுக்கோ. இனிமே அது எதுக்கு?"

அவள் மறுபடி செய்தாள். இந்தத் தடவை கண்ணை இமைக்கவே இல்லை. ரோஸ் நிறம் கிளம்பியது. யாரோ உள்ளேயிருந்து வழித்து எடுத்ததுபோல மறைந்தது.

வராத நிறம் வேறு. வந்துவிட்டுப் போகிற நிறம் வேறு. எது நிறத்தை எடுக்கும்? அவள் மனதில் அம்மா விரித்த நீல உடை வந்து நின்றது. அள்ளிக் கொட்டினால்தானே சாயம் போகும்?

அப்படியானால் தண்ணீரில் மருந்து இல்லாமல் இல்லை. நிறத்தையே வெளுக்கிற அளவுக்கு இருக்கிறது!

அந்த நேரம் பார்த்துத் தெருவில் லாரி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. சுண்டெலி உள்ளே ஓடிக் குடிதண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தாள். பழச்சாறு திகட்டினால் தண்ணீர் விட்டுக் குறைப்போம் இல்லையா? அதே யோசனைதான். பாட்டில் மூடியால் ஒரு மூடி தொட்டித் தண்ணீர், ஒன்பது மூடி குடிதண்ணீர். கலந்து, குழாயில் கோடுவரை ஊற்றி, மாத்திரை போட்டாள்.

ரோஸ் நிறம் வந்தது. நின்றது. அடர்த்தியாகிக்கொண்டே போனது.

லாரி டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பாப்பா, எனக்கா ஜூஸ்?"

"குடிச்சா வயிறு வெந்துடும், மாமா."

"அப்ப எனக்குத் தாகமே இல்ல" என்று டிரைவர் இரண்டடி பின்னால் போனார்.

"அப்பா, அட்டையைப் பாருங்க. இது மூணு. பத்துல ஒரு பங்குதான் நம்ம தொட்டித் தண்ணி. ஒரு பங்குக்கே மூணுன்னா, முழுசுக்கு எவ்வளவு?"

சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு, ஒன்றுக்கு ஆறு என்று தினமும் கலவை போடுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாதா? "முப்பது" என்றார் அப்பா. சொன்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மருந்து இல்லாம எரியல. கூடிப்போய் எரிஞ்சிருக்கு" என்றார். "நான்தான். என் கையாலயே. எரியுதுன்னு அவ சொல்லச் சொல்ல..."

முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர் ஒருவர் அழுவதைப் பார்த்தால் எங்கே பார்ப்பது என்று நமக்குத் தெரியாது. டிரைவர் லாரிச் சக்கரத்தைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார். வாசலில் நின்ற அக்கா மட்டும் அப்பாவையே பார்த்தாள்.

சுண்டெலி அவர் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்க சிமெண்ட் ஒரு சொட்டுகூடக் குடிக்கல" என்றாள். "போட்ட மருந்து அவ்வளவும் உள்ளதான் இருக்கு. கலவையில தப்பே இல்லப்பா."

அப்பா முகத்திலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆனது.

"மேஸ்திரி, மண்ணைக் கொட்டவா வேண்டாமா?" என்றார் டிரைவர், மெதுவாக.

"வேண்டாம்ப்பா. எடுத்துட்டுப் போ."

இந்த முறை அப்பா கடைக்காரருக்குப் போன் செய்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரரும் வைக்காமல் கேட்டார். பாதித் தண்ணீரை வெளியேற்றி நல்ல தண்ணீர் விடவேண்டும், மேலே மூடாமல் வெயில் படவிட வேண்டும், அளவு இறங்கும்வரை யாரும் கால் வைக்கக்கூடாது, நிறத்தை உடனே பார்க்கவேண்டும் என்றார். "மருந்து ரொம்பக் கூடினாலும் நிறம் வெளுத்துடும்ங்கறதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

ஆறு நாள் காத்திருந்தார்கள். அந்த ஆறு நாளும் அக்காவின் கால் இன்னும் இறுகியது. ஏழாம் நாள் குழாயில் வெளிர் ரோஸ் வந்து நின்றது. அளவு இரண்டு. சுண்டெலி மூன்று தடவை பார்த்தாள்.

"நான் வரல" என்றாள் அக்கா. "காலுக்கு மறந்துபோச்சு."

வா என்று கூப்பிடாமல் அப்பா குழாயைக் கழுவிக்கொண்டே நின்றார். சுண்டெலிதான் தண்ணீருக்குள் குதித்தாள். கண்ணைத் திறந்தபடியே முங்கினாள். வெளியே வந்து அக்காவின் முகத்துக்கு நேரே தன் முகத்தை நீட்டினாள்.

"பாரு. நல்லாப் பாரு. சிவந்திருக்கா?"

அக்கா அந்தக் கண்களை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஊன்றுகோல்களைக் கீழே வைத்தாள்.

அப்பா அவளைத் தூக்கி இறக்கினார். ஒரு அடி. கால் மடங்கியது. அப்பா பிடித்தார். இரண்டு, மூன்று. மறுபடி மடங்கியது. ஏழாவது அடியில் அவளால் முடியவில்லை. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முன்பெல்லாம் அரை மணி நேரம் நடந்த பெண், கண்ணுகளா. ஏழே ஏழு அடி.

"போதும்மா. ஏறிடலாமா?" என்றார் அப்பா.

அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"இருங்கப்பா" என்றாள். "திரும்பி நடக்கணும்ல?"

சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

அவ்வளவுதான் கதை. எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் யார் கண்ணையும் எரிக்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் விழுந்தவர்கள் எழட்டும். எழ முடியாதவர்கள் பக்கத்தில் ஒட்டி உட்கார ஒருவர் இருக்கட்டும். பெரியவர்களும் சிறியவர்களுமாக எல்லோரும் நன்றாக இருங்கள்.