உடைந்த மேஜையோடு வந்தவன்

மேஜை இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது.

ஒரு துண்டு அவனுடைய இடது கக்கத்தில்... இன்னொன்று வலது கக்கத்தில். கதவைத் திறக்கக் கை ஏது? முதுகாலேயே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். வெளியே ஏப்ரல் மழை. அமெரிக்காவின் பஃபலோவில் ஏப்ரல் மழை என்றால் பாதி மழை, பாதி பனி. இரண்டும் சேர்ந்து அவன் தலைமுடியில் உட்கார்ந்திருந்தன.

பந்தல், நாற்காலி, மேஜை வாடகைக்கு விடும் அந்தக் கடையில் ரெனாட்டா கல்லாவில் இருந்தாள். முதலில் மேஜையைப் பார்த்தாள். கோபம் வந்தது. பிறகு நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்... சாம்பல் நிறம். மழைக்கு முன் ஏரி எப்படி இருக்குமோ அப்படி. வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்காகவே இன்னும் கொஞ்சம் கோபப்பட்டாள்.

"டேபிளத் திருப்பிக் குடுக்க வந்தேங்க."

"நாங்க ஒரு டேபிள்தானே குடுத்தோம்? ரெண்டா கொண்டாந்திருக்கீங்க?"

"அது... ஒண்ணுதாங்க. நேத்து சாயந்திரம் வரைக்கும்."

"சாப்பாடு வைக்கன்னு சொல்லித்தானே வாங்கிட்டுப் போனீங்க?"

"வச்சோம்ங்க. எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்க. அப்புறம் நான் அது மேல விழுந்துட்டேன்."

"தடுக்கியா?"

அவன் காலைப் பார்த்தான். "கார் ஷெட் கூரையில இருந்து."

அதற்கு மேல் ரெனாட்டா கேட்கத் தேவையில்லை. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். அமெரிக்கக் கால்பந்தில் ஊர் டீம் ஜெயித்தாலும் ரசிகர்கள் மேஜை மேல் குதிப்பார்கள், தோற்றாலும் குதிப்பார்கள். முந்தின நாள் டிராஃப்ட். கல்லூரியில் ஆடிய பையன்களை ஒவ்வொரு டீமும் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும் நாள். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய்ப் பந்து பிடிக்க ஒரு நல்ல ரிசீவர் வேண்டும் என்று ஊர் தவம் கிடந்தது. டீமோ, ஓரல் பென்டில்டன் என்று ஒருவனை எடுத்து வைத்தது. தடுப்பு வரிசையில் நின்று எதிராளி மேல் பாய வேண்டிய ஆள். மலை மாதிரி உடம்பு. ஆனால் கால்பந்தைத் தொட்டே இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் மல்யுத்தம், வயலில் வைக்கோல் கட்டு தூக்குவது. பச்சை மண், வனைய நாளாகும் என்று டிவியில் பேசிய நிபுணர்களே உதட்டைப் பிதுக்கினார்கள்.

"ரிசீவர எடுக்கலன்னா குதிக்கிறேன்னு சத்தியம் பண்ணிட்டேங்க," என்றான் அவன்.

"எடுத்திருந்தா?"

"அப்பவும் குதிக்கிறதாத்தான் இருந்தேன். சந்தோஷத்துல."

ரெனாட்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கக் கூடாது... சிரித்தால் கடையின் மானம் என்ன ஆவது?

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து அவள் அப்பா காஸிமிர் வந்தார். மேஜைகளைப் பெற்ற பிள்ளைகளைப் போல் வளர்ப்பவர். மேஜை உடைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. துண்டுகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"உன் பேரென்ன?"

"டெக்லன் ரூனி சார். நகராட்சியில பனி தள்ற வண்டி ஓட்டறேன். எவ்வளவு ஆகும்னு சொன்னீங்கன்னா..."

"காசு யாருக்குடா வேணும்? நாளைக்குக் காலைல வா. சர்ச் ஹால்ல புது நன்மை விருந்து, பிள்ளைங்க முதல் நற்கருணை வாங்கறாங்க. என் ஆளு இடுப்பு பிடிச்சுப் படுத்திருக்கான். வந்து டேபிள் தூக்கு. தூக்கினாத்தான் அதோட அருமை தெரியும்."

தண்டனை ஒரு சனிக்கிழமைக்குத்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் டெக்லன் வந்தான். இடுப்பு பிடித்த ஆள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் வந்தான். காஸிமிர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தேவை தோள்கள். ரெனாட்டாவும் கேட்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும் போல இருந்தது... தெரிந்ததைக் கேட்டு உறுதி செய்துகொள்ள பயமாகவும் இருந்தது.

மே மாதம் முழுக்க விருந்துகள். இருவரும் ஆளுக்கொரு முனையில் மேஜையைப் பிடித்துத் தூக்குவார்கள். அவன் பின்னோக்கி நடப்பான். அவள் முன்னால் பார்த்து வழி சொல்வாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே நினைவில்லை.

"கோழி இறக்கைக்கு நீ எதைத் தொட்டுக்குவ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ப்ளூ சீஸ் சாஸ்தான். இந்த ஊர்ல வேற எதைத் தொட்டுக்குவாங்க? ஏன்?"

"வேற எதையாவது சொல்லியிருந்தா இந்த டேபிளக் கால் மேல போட்டிருப்பேன்."

"அப்ப நான் பாஸா?"

"இறக்கையில மட்டும்."

அவன் சிரித்தால் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் குழி விழும். அந்தப் பக்கமாகவே நிற்க வேண்டும் என்று அவள் இடம் பார்த்து நின்றாள். 'ரெனாட்டா, உனக்கு வெட்கமே இல்லையா?' என்று மனசு கேட்டது. இல்லை என்றுதான் தோன்றியது.

ஜூனில், பள்ளிப் படிப்பை முடித்த பையனுக்கு ஒரு வீட்டுத் தோட்டத்தில் விருந்து. பந்தல் மேல் மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. கடைசி மேஜையை விரித்துவிட்டு டெக்லன் கையைத் துடைத்தான். தேவைக்கு அதிகமாகவே துடைத்தான்.

"வெள்ளிக்கிழமை... மீன் வறுவல் சாப்பிடப் போலாமா? நீயும் நானும் மட்டும்?"

அவள் வாய் திறந்தாள். "சரி" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது...

"அடேய், டேபிள் உடைச்ச அண்ணன்டா இவரு." விருந்துக்கு வந்த பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் போனை ரெனாட்டா முகத்துக்கு நேரே நீட்டினான். "அக்கா, இதப் பார்த்திருக்கீங்களா? ஊரே பார்த்தாச்சு."

அவள் பார்த்தாள். திறந்த ஷெட்டுக்குள் பெரிய டிவி. டிவியில் ஓரல் பென்டில்டன் பெயரை அறிவிக்கிறார்கள். திரையில் ஒரு சின்ன வீட்டின் வரவேற்பறை, அதில் அடங்காத உயரத்தில் ஒரு பையன். அவன் இடுப்பளவே இருக்கும் ஓர் அம்மா அவனைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். சந்தோஷ அழுகை. அதற்கு மேலாக டெக்லனின் குரல். "குப்பை. குப்பையப் பொறுக்கிட்டு வந்திருக்கானுங்க. இவனெல்லாம் ஒரு ஆளு." பிறகு அவன் கூரையில் ஏறுகிறான், குதிக்கிறான்.

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெக்லனும் சிரித்தான். ரெனாட்டாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

பையன்கள் நகர்ந்த பிறகு அவள் சொன்னாள். "வெள்ளிக்கிழமை வரல. எந்தக் கிழமையும் வரல."

"ரெனாட்டா... அது சும்மா விளையாட்டுக்கு. எல்லாருந்தான் கத்தினாங்க."

"அவங்க அம்மா அழுதுட்டு இருந்தாங்க. அவன் ஆடி நீ ஒரு தடவையாவது பார்த்திருக்கியா? பேரச் சொல்லி ஒரு நிமிஷம் ஆகல. அதுக்குள்ள குப்பைன்னுட்ட."

ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் கிராண்ட் என்று ஒருவன் அவளுக்கு மோதிரம் போட்டிருந்தான். அவன் அம்மா ஒருநாள் விருந்துக்கு அழைத்தாள். மேஜை தூக்கிக் காய்த்துப்போன ரெனாட்டாவின் கைகளைப் பார்த்தாள். அவ்வளவுதான்... சூப் ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. மறுநாள் கிராண்ட் மோதிரத்தைத் திருப்பிக் கேட்டான். ஒரு பார்வையில் மனுஷரைத் தள்ளிவிடுகிறவனோடு இனி ஒரு வேளை சாப்பாடு கூட வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானித்திருந்தாள்.

இது எதுவும் தெரியாத டெக்லனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டு மாசமா உன்கூட நிக்கறேன். ஒரு வீடியோவ வச்சு என்னை முடிச்சிட்டல்ல? நல்லா இருக்கு உன் நியாயம்."

போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

மேஜையின் அடுத்த முனையை இப்போது அப்பா பிடித்தார். "அந்தப் பயல் எங்க?" என்றார். "தெரியாது," என்றாள். "பரவால்லாம தூக்குவான்," என்றார். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு வராது. அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. 'ஒரு வீடியோவ வச்சு...' என்ற குரல் காதிலேயே நின்றது. அவன் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது என்று தேடினாள். கிடைக்கவில்லை.

ஜூலைக் கடைசியில் டீமின் பயிற்சி முகாம். ஒரு கல்லூரி மைதானத்தில் நடக்கும், ஊர் ஜனம் போய்ப் பார்க்கலாம். ரெனாட்டாவும் அப்பாவும் வருஷம் தவறாமல் போவார்கள்.

ஓரல் பென்டில்டனை ஓர் அனுபவசாலியோடு மோத விட்டார்கள். பையன் பாய்ந்தான். அடுத்த நொடி மல்லாந்து கிடந்தான். வேலியோரம் நின்றவர்கள் கேலி பண்ணினார்கள். எழுந்து மறுபடி வரிசையில் போய் நின்றான். மறுபடி விழுந்தான். மறுபடி எழுந்தான். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் ஒரு தடவை, அந்த அனுபவசாலி அரையடி பின்வாங்க வேண்டியதாயிற்று.

"சபாஷ் தம்பி." கூட்டத்தில் ஒரே ஒரு குரல். ரெனாட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரல்...

அப்போதுதான் மழை பிடித்தது. கோடை மழை, சட்டென்று, வாளியால் கொட்டியது போல. ஜனம் காரை நோக்கி ஓடியது. ஓடாதவர்கள் பெரிய ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்க வேலியின் அந்தக் கோடியில் முண்டியடித்தார்கள். இந்தக் கோடியில் ஓரல் தனியாக நின்றான். கையில் பேனா, மூடி திறந்தபடி. கேட்கத்தான் யாரும் இல்லை.

டெக்லன் போனான். நனைந்துகொண்டே போய் வேலியைப் பிடித்தான். குடையோடு சற்றுப் பின்னால் நின்ற ரெனாட்டாவை அவன் பார்க்கவில்லை.

"கையெழுத்தாண்ணே?" என்றான் ஓரல் ஆசையாக.

"இல்ல தம்பி. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன்ன எடுத்த அன்னிக்கு நான் குப்பைன்னு கத்தினேன். உங்க அம்மா அழுதுட்டு இருந்தாங்க, அப்பக் கத்தினேன். டேபிள் மேல வேற குதிச்சேன். தப்பு தம்பி. ரொம்ப நாளா உறுத்துது."

ஓரல் பேனாவை மூடினான். "அந்த வீடியோ நீங்களாண்ணே? எங்க அம்மா பார்த்தாங்க."

டெக்லனின் முகத்தில் ரத்தமே இல்லை. "என்ன சொன்னாங்க?"

"பாவம், அந்தப் பிள்ளைக்கு முதுகுல நல்லா அடிபட்டிருக்கும்னாங்க. பட்டுச்சா?"

டெக்லன் முகத்து மழையை வழித்துவிட்டான். "ரெண்டு வாரம் வலி போகல," என்றான் ஒரு வழியாக.

"சொல்லிடறேண்ணே. கேட்டுட்டே இருந்தாங்க." ஓரல் சிரித்தான். "எனக்கே தெரியும்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. கத்துக்கறேன்." வேலி மேல் தன் பெரிய கையை நீட்டினான். டெக்லன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

ரெனாட்டாவின் கண்ணில் மழை இல்லை, குடைக்குள்தானே நிற்கிறாள்... ஆனாலும் ஈரம். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், வேலியோரம் நின்றவனைப் பார்த்தார். "நான் போய்க் காரை எடுக்கறேன். நீங்க மெதுவா வாங்க," என்றார். 'நீ' என்று சொல்லவில்லை. 'நீங்க' என்றார். பெற்ற மகளுக்கு என்றைக்கு அவர் அந்த மரியாதை கொடுத்திருக்கிறார்?

ஓரல் உள்ளே போன பிறகு டெக்லன் திரும்பினான். எதிரே அவள்.

"நீ... எப்ப வந்த?"

"உன் முதுகுக் கதைக்கு முன்னாடியே." குடையை அவன் பக்கம் சாய்த்தாள். "டெக்லன், நான் பேசறேன். நடுவுல பேசாத. பேசினா நான் நிறுத்திடுவேன்."

அவன் தலையாட்டினான்.

"அவன ஒரு நிமிஷத்துல எடை போட்டன்னு உன்னத் திட்டினேன். உன்ன நான் எவ்வளவு நேரத்துல எடை போட்டேன்? அந்த வீடியோ ஓடின நேரம்தான். காய்ச்சுப்போன என் கைய அம்மாவுக்குப் பிடிக்கலன்னு ஒருத்தன் என்னை வேண்டாம்னு போனான். அந்த வலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அதையே உனக்குப் பண்ணேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு உன்னப் பிடிச்சிருக்கு. நீ கதவ முதுகால தள்ளிட்டு வந்தப்பவே பிடிச்சிருச்சு. நீ வராத சனிக்கிழமையெல்லாம் எனக்கு சனிக்கிழமையாவே இல்ல."

மழை குடை மேல் தட்டிக்கொண்டே இருந்தது. எதற்கெடுத்தாலும் சட்டென்று கத்துகிறவன், சட்டென்று குதிக்கிறவன்... இப்போது பதமாக அவளுடைய கையை எடுத்தான். காய்த்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினான்.

"நான் யோசிக்காமப் பேசறவன் ரெனாட்டா. இன்னும் நிறைய கத்துக்கணும். நாளாகும்."

"ஆகட்டும். மெதுவாக் கத்துக்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவன் பதிலை யோசிக்க ஆரம்பித்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக... குழி விழும் கன்னம் அந்தப் பக்கம்தான் இருந்தது. அவசரம் இல்லை என்று சொன்னவள், அவன் யோசித்து முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. குடையை விட்டுவிட்டு, நனைந்த அந்தக் கன்னத்தில் முத்தமிட்டாள்.