பதில் உறுமல்

பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து அந்த உறுமல் வந்ததும் கவீரா யோசிக்காமலே பதில் உறுமினாள். வாயைத் திறக்காமல், அடித்தொண்டையிலிருந்து, இரண்டு முறை. இங்கேதான் இருக்கிறேன், குட்டி என்னோடுதான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். உறுமல் கேட்டால் பதில் தராமல் இருக்கக் கூடாது, குட்டி மிரண்டுவிடும் என்று கொரில்லாக் காப்பகத்தில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எட்டு வருடப் பழக்கம். வீட்டில் புருஷன் கூப்பிட்டாலும் சில நாள் அப்படித்தான் குரல் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வாள். அடுப்புக்கரி கொண்டுவரும் முஹிந்தோவும் கதவைத் தட்டுவதில்லை, உறுமுவான்.

அவன்தான் என்று நினைத்தாள். ஆனால் கரி வரவில்லை.

மதியம் மூன்று மணிதான் ஆகியிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மூட்டம் ஜன்னல் வலையில் அப்பிக்கொண்டு அறையை இருட்டாக்கியிருந்தது. தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டியது. மடியில் கிடந்த லோவாவின் உதட்டில் பால் புட்டியின் காம்பை மறுபடியும் வைத்துப் பார்த்தாள். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. லோவா ஆற்றங்கரையில் மீட்ட கொரில்லா என்பதால் அந்தப் பெயர். வந்து நாலு நாளாகிறது, ஒரு மிடறு உள்ளே போகவில்லை. பொழுது சாய்வதற்குள் குடிக்காவிட்டால் பிழைக்காது என்று டாக்டர் காலையிலேயே கைவிரித்துவிட்டார். புதிதாக வரும் குட்டிக்கு நோய் தொற்றாமலிருக்க முப்பது நாள் தனியறை, ஒரே ஒரு வளர்ப்புத் தாய். இந்தக் குட்டிக்குத் தாய் கவீராதான். போன வருடம் இதே பாயில் ஒரு குட்டி அவள் மடியிலேயே செத்துப்போனது. இன்னொரு முறை அவளால் தாங்க முடியாது.

வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"முஹிந்தோ, கரிய எங்கடா வச்சே?"

"நான் இன்னும் கேட்டுலயே நிக்கறேன்க்கா. பாலம் முழுகிருச்சு. உனக்குக் கொண்டாந்த ஃபுஃபு களியும் ஆறிப்போச்சு. பாதிய காணோம்னா என்னைக் கேக்காதே."

"அப்ப நீ உறுமலையா?"

"இங்கேருந்து உறுமி அங்க கேக்கறதுக்கு நான் என்ன சிங்கமா? மத்த கொரில்லாவெல்லாம் மேல, வேலிக்குள்ள இருக்கு." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, நீ பதில் குடுத்தியா?"

அதற்குள் உறுமல் மறுபடியும் கேட்டது. இம்முறை வாசல் பக்கம்.

நாலு நாளாகத் தலை தூக்காத லோவா தலையைத் தூக்கியது. மெலிந்த குரலில் பதில் உறுமியது. கவீரா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் குட்டியின் வாயைப் பொத்தினாள்.

நனைந்த ரோமத்தின் வாடை வந்தது. கசக்கிய மூங்கில் குருத்தின் புளிப்பு வாடை. அதற்கும் அடியில், கறிக்கடைப் பலகையைக் கழுவாமல் விட்டதுபோல் ஒரு நாற்றம். வராந்தாப் பலகைகள் முனகின. கொரில்லா நடந்தால் கண்ணை மூடிக்கொண்டே அவள் சொல்லிவிடுவாள், விரல் முட்டிகள் மரத்தில் பட்டுக் கொட்டும். இங்கே அந்தக் கொட்டு இல்லை. பாதம் விழும் சத்தம், அதன் பிறகு ஈரமாக எதையோ ஊன்றும் சத்தம்.

குட்டியைக் கொண்டுவந்த காட்டுக் காவலர்கள் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. "தாயைச் சுட்டுட்டு ரெண்டு கையையும் மணிக்கட்டோட வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாங்கதான் புதைச்சோம்."

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வராந்தாவில் கேட்ட சத்தம் இப்போது அறைக்குள் கேட்டது.

கொரில்லாவின் கண்ணைப் பார்க்கக் கூடாது. தலையைக் குனி. தரையைப் பார். அதுவும் முதல் நாள் பாடம்தான். கவீரா குனிந்துகொண்டாள். கையிலிருந்த புட்டியோடு சேர்த்து லோவாவை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

பின்னால் பாய் அழுந்தியது.

பாரம்.

பிடரியில் மூச்சு. சூடே இல்லாத மூச்சு.

லோவா அவள் தோளைத் தாண்டிக் கைகளை நீட்டியது. அவள் விடவில்லை. ஆனால் குட்டி நழுவியது. பின்னாலிருந்து ஏதோ அதைத் தூக்கியது. தொப்பென்று பாயில் விழுந்தது. பட்டினி கிடந்த குட்டியின் விரல்களுக்குப் பற்றிக்கொள்ள வலுவில்லை.

மறுபடியும் தூக்கியது. மறுபடியும் விழுந்தது.

மூன்றாவது முறை குட்டி அழுதது.

பிறகு எதுவும் அசையவில்லை. மழை மட்டும். வாக்கி டாக்கியில் முஹிந்தோவின் குரல். "அக்கா? அக்கா, பேசு."

காதோரம் உறுமல். மெதுவாக, இரண்டு முறை.

கூடாது என்று நினைத்தாள். பல்லைக் கடித்தாள். எட்டு வருடப் பழக்கம். அவள் தொண்டை தானாகவே பதில் தந்தது.

குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. இரண்டு பக்கமும் கறுத்த, தடித்த இரண்டு முன்கைகள் அவளைச் சுற்றி முன்னால் வந்தன. மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருந்தன, முனையில் விரல்கள் இல்லை. ஈர மண்ணும் வெள்ளை எலும்பும் தெரிந்தன. அவை குட்டியைத் தொடவில்லை. புட்டியைப் பிடித்திருந்த அவளுடைய மணிக்கட்டுகளின் மேல், ஒன்றுக்கு ஒன்றாக, அளவு பார்த்து வந்து அமர்ந்தன.