ஒரு டம்ளர் தண்ணீர்

திருவண்ணாமலையில் எது காணாமல் போனாலும் மலை காணாமல் போகாது. ஆனால் அந்தக் கார்த்திகையில், தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மலையையே காணவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கி உட்கார்ந்துவிட்டது. காலை எட்டு மணிக்கும் தெரு அந்தி நேரம் போலவே இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். விடுமுறை என்றால் தெருவையே இரண்டாக்கும் தர்மா, அன்றைக்குச் சத்தம் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினோரு வயது. முழுப்பெயர் தர்மவதி.

அவள் எதிரே ஒரு மரப்பெட்டி. பஞ்சு பரப்பிய அந்தப் பெட்டிக்குள் அவளுடைய தம்பி படுத்திருந்தான். பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. வரவேண்டிய நாளுக்கு ஒன்றரை மாதம் முன்னாலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். அவனுடைய கால் கட்டைவிரல் ஒரு வேர்க்கடலைப் பருப்பு அளவுதான் இருந்தது. பெட்டிக்கு மேலே அறுபது வாட் பல்பு ஒன்று ராத்திரி பகலாக எரிந்தது.

"உடம்புச் சூடு கம்மியாச்சுன்னா ஆபத்து. பல்பு மட்டும் அணையவே கூடாது" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

ரேடியோவில் புயல் செய்தி சொன்னார்கள். நாளைக்குக் கடலூர்ப் பக்கம் கரையைக் கடக்குமாம். அம்மா பொன்னம்மா ரேடியோவைப் பார்த்தாள். பிறகு பல்பைப் பார்த்தாள்.

"இன்னாங்க, புயல் வந்தா மொதல்ல போறது கரண்டுதானே?"

அப்பா ஆதிநாதன் கடலை மண்டியில் எடை போடுகிறவர். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு மூட்டையை எடை போட்டு இறக்கிவிடலாம். அன்றைக்கு மட்டும் உடனே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஜெனரேட்டர் பாக்கப் போறேன். தர்மா, நீயும் வா."

*

தேரடித் தெருவுக்குப் பின்னால் மக்பூல் பாய் கடை இருந்தது. கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் மைக் செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுபவர். தீபத்துக்காக எல்லா மிஷினும் வெளியே போயிருந்தன. மீதி இரண்டே இரண்டு.

ஒன்று எருமைக் கன்று அளவுக்குப் பெரியது. இன்னொன்று சூட்கேஸ் அளவுக்குச் சின்னது.

"பெரிசே குடுங்க பாய்" என்றார் அப்பா. "கொழந்த விஷயம்."

"பெரிசு டீசல்ல ஓடும் நைனாரே. ஊர்வலத்துல நூறு ட்யூப் லைட்டு எரியும். உங்களுக்கு எத்தினி லைட்டு வேணும்?"

அப்பா யோசிக்க ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை தர்மாவால் பொறுக்க முடியவில்லை.

"ஒரே ஒரு பல்பு, பாய்" என்றாள். "புயல்ல டீசல் கெடைக்குமா?"

"பங்க்கை மூடிட்டாங்கன்னா கெடைக்காது."

"சின்னது எதுல ஓடும்?"

"பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திடணும்."

"மண்ணெண்ணெய் நம்ம வீட்லயே ஒரு டின்னு இருக்குதேப்பா. பெரிசு போடற சத்தத்துல நம்ம வீட்டு ஓடே எறங்கிடும். தம்பி வேற பயந்துடுவான்."

மக்பூல் பாய் சிரித்தார். "நைனாரே, பாப்பா சொல்றதுதான் சரி. சின்னதையே எடுத்துனு போங்க."

சைக்கிள் கேரியரில் மிஷினை வைத்துக் கட்டும்போது அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, மிஷினை வீட்டுக்குள் வைக்கவே கூடாது, அதன் புகை ஆளையே கொன்றுவிடும். இரண்டு, ரேஷன் மண்ணெண்ணெயில் தூசு ஜாஸ்தி, நன்றாக வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும்.

"வடிகட்டறதை நான் பாத்துக்கறேன். எங்க வீட்ல அது என் வேலைதான்" என்றாள் தர்மா, கொஞ்சம் பெருமையாகவே.

*

மத்தியானம் முழுக்க வேலை. அப்பா முருங்கை மரத்தின் பெரிய கிளைகளை வெட்டிச் சாய்த்தார். சமையலறைத் தகரக் கூரைமேல் மணல் மூட்டை ஏற்றினார். ஜன்னல் கதவுகளைக் கயிறு போட்டு இறுக்கினார். அம்மா அண்டா குண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பினாள். தீப்பெட்டிகளை நமுத்துப் போகாமல் பால் டப்பாவில் போட்டு மூடினாள். மிஷின் பின்பக்கம் விறகுக் கொட்டகையில், மூன்று பக்கம் காற்றாட, ஒரு பலகைமேல் உட்கார்ந்தது. அதிலிருந்து ஒயர் கூடத்துப் பல்புக்கு வந்தது.

தர்மா மண்ணெண்ணெய் வடிகட்ட உட்கார்ந்தாள்.

அவர்கள் நைனார் என்று ஊர் அழைக்கும் சமணக் குடும்பம். அந்த வீட்டில் வடிகட்டாத தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள். துணியை இரண்டாக மடித்துக் கிணற்றுத் தண்ணீரை வடிப்பார்கள். வேலை அதோடு முடியாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் துணியில் தங்கியிருக்குமே, அவை சாகக் கூடாதே! அதனால் ஒரு டம்ளர் வடித்த தண்ணீரை எடுத்து, துணியைத் திருப்பிப் பிடித்து அலசி, அந்தத் தண்ணீரைக் கிணற்றிலேயே ஊற்றிவிட வேண்டும். எங்கிருந்து வந்ததோ அங்கேயே அவை போய்ச் சேர்ந்துவிடும். ஆறு வயதிலிருந்து தர்மா தினமும் செய்கிற வேலை இது.

புதுத் துணி கிழித்து மடித்தாள். டின்னுக்குள் தகரப் பம்பை விட்டு மண்ணெண்ணெயை உறிஞ்சி, துணி வழியாக மிஷின் டேங்கில் நிரப்பினாள். துணியில் கறுப்புத் தூசு தங்கியது. அதைப் பார்த்ததும் கை தானாகப் பழக்கத்துக்குப் போய்விட்டது. பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரை எடுத்தாள். துணியைத் திருப்பிப் பிடித்து அலசி, அந்தத் தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னுக்குள்ளேயே ஊற்றினாள்.

மண்ணெண்ணெயில் எந்தப் பூச்சி உயிரோடு இருக்கும்? அவள் அதை யோசிக்கவே இல்லை. டின்னை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

*

மறுநாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது.

காற்று சும்மா அடிக்கவில்லை, தெருவையே பிடித்து உலுக்கியது. எங்கோ மரம் முறியும் சத்தம் கேட்டது. யார் வீட்டுத் தகரமோ தெருவில் உருண்டு போனது. ஆனால் அப்பா கயிற்றை ஒரு இழு இழுத்ததும் சின்ன மிஷின் படபடவென்று ஓட ஆரம்பித்தது. பல்பு எரிந்தது. மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பல்பையே பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு டேங்கில் எண்ணெய் குறைந்துவிட்டது. அப்பா மிஷினை நிறுத்தி, ஆறவிட்டு, டின்னிலிருந்து பம்பால் உறிஞ்சி மறுபடி நிரப்பினார். பெட்ரோலில் கிளம்பிய மிஷின், மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் இருமியது. இரண்டு தடவை தும்மியது. நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தார். மறுபடி தும்மிவிட்டு நின்றது. இருபது தடவை இழுத்திருப்பார். அவர் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்துவிட்டது.

கூடம் இருட்டாகிவிட்டது. அம்மா தம்பியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கால் சில்லுனு இருக்குதுங்க" என்றாள். தம்பியைத் தூக்கி, துணி எதுவும் குறுக்கே இல்லாமல் தன் நெஞ்சோடு சேர்த்து, மேலே புடவையையும் கம்பளியையும் சுற்றிக்கொண்டாள். தம்பி அழவில்லை. அழுவதற்குக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

அப்பா கோணிச் சாக்கை எடுத்துத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார்.

"மிஷின் ரிப்பேரு. பாயைக் கூட்டினு வரேன்."

"இந்தக் காத்துலயா? ஓடும் தகரமும் பறக்குதுங்க! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"வேற வழி சொல்லு" என்றார் அப்பா. கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார்.

தர்மா கொட்டகையில் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். டேங்குக்கு அடியில் எண்ணெய் இறங்கும் இடத்தில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருந்தது. குனிந்து பார்த்தாள். கிண்ணத்துக்குள் இரண்டு விதமாகத் தெரிந்தது. மேலே லேசான நீலம். அடியில் நிறமே இல்லாமல் ஏதோ ததும்பியது.

தண்ணீர்.

டம்ளரும் துணியும் அவளுக்கு நினைவு வந்தன. தம்பியின் விளக்கை அணைத்தது காற்றில்லை, மழையில்லை. அவள்தான்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. பாய் வந்து சரி செய்துவிடுவார். அப்பா பத்திரமாகப் போய் வந்தால்.

வந்தால்.

தர்மா ஓடினாள். அப்பா அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார். மழை முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஓடிப்போய் அவர் சாக்கைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, போவாதீங்க! மிஷின் ரிப்பேர் இல்ல. மண்ணெண்ணெய்ல தண்ணி கலந்துடுச்சு. நான்தான் ஊத்திட்டேன்!"

"இன்னாது?"

"துணிய அலசி ஊத்திட்டேம்பா. கெணத்துல ஊத்தற மாதிரியே டின்னுல ஊத்திட்டேன். தெரியாம பண்ணிட்டேன்."

அவள் அழுதுகொண்டே நின்றாள். அடி விழும் என்று நினைத்தாள். விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"எவ்ளோ ஊத்தின?"

"ஒரு டம்ளர்."

அவ்வளவுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கித் திரும்பினார்.

*

டேங்கில் இருந்த எண்ணெய் முழுவதையும் ஒரு வாளியில் இறக்கினார்கள். கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தார்கள். அதற்குக் கீழே இருந்த திருகைத் தளர்த்தி, குழாயில் தங்கியதையும் சொட்டுச் சொட்டாக வடியவிட்டார்கள். பெட்ரோல் வாடை வந்ததால் தர்மா அரிக்கேன் விளக்கைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். கொட்டகையின் மங்கல் வெளிச்சத்திலேயே வேலை நடந்தது.

அப்பா பம்பை மறுபடி டின்னுக்குள் விடப் போனார்.

"பம்பு வேணாம்பா" என்றாள் தர்மா. "அது அடியில இருந்து உறிஞ்சும். தண்ணிதானே அடியில போய்க் கெடக்குது? ஆட்டாம, மேலாக்க மொண்டு ஊத்துங்க."

அப்பா பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சின்னக் குவளையை எடுத்தார். முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மொண்டு ஊற்றி, தூக்கிப் பிடித்துக் காட்டினார். அடியில் ஒன்றும் தங்கவில்லை. அப்படியே மேலாக மொண்டு டேங்கை நிரப்பினார்.

கயிற்றை இழுத்தார். தும்மியது. மறுபடி இழுத்தார். இருமியது. தர்மா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். ஆறாவது இழுப்பில் மிஷின் படபடவென்று பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய்க்கு மாற்றிய பிறகும் நிற்கவில்லை.

தர்மா கூடத்துக்கு ஓடினாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா கம்பளிக்குள்ளிருந்து தம்பியின் காலை மட்டும் வெளியே காட்டினாள்.

"தொட்டுப் பாரு."

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

மணி ஆறரை ஆகிவிட்டது. பொழுது சாய்ந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. பால் கொடுக்கும் அம்மாவைத் தவிர மத்தியானமும் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சூரியனே வரல. அது எப்போ போச்சுனு யாருக்குத் தெரியும்? ரெண்டு வாய் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தாள் அம்மா. அப்பா கடிகாரத்தைக் காட்டினார். அன்றைக்கு அப்பாவும் மகளும் பட்டினிதான்.

*

மறுநாள் காலையில் காற்று ஓய்ந்து மழை மட்டும் பெய்தது. மக்பூல் பாய் விழுந்த மரங்களைத் தாண்டி, கையில் ஒரு கேன் மண்ணெண்ணெயோடு வந்து சேர்ந்தார்.

"மிஷின் எப்படி ஓடுது, நைனாரே?"

தர்மாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாய் வாயைப் பிளந்தார்.

"மண்ணெண்ணெய்ல யாராவது பூச்சியைக் காப்பாத்துவாங்களா பாப்பா? முப்பது வருஷமா மிஷின் ஓட்டறேன், இப்படி ஒரு ரிப்பேரை நான் பாத்ததே இல்ல!"

அவர் சிரித்த சிரிப்பில் அம்மாகூடச் சிரித்துவிட்டாள். தர்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாய் போன பிறகும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். இனிமேல் வடிகட்டும் வேலையை யாரும் தன்னிடம் தரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் நியாயம் என்றும் தோன்றியது.

டேங்க் காலியாகும் நேரம் வந்தது. அப்பா மிஷினை நிறுத்தி ஆறவிட்டார். அம்மா தம்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அப்பா புதுக் கேனையும் காய்ந்த துணி ஒன்றையும் கொண்டுவந்து தர்மாவின் முன்னால் வைத்தார்.

"ஊத்து."

"வேணாம்பா. நீங்க ஊத்துங்க. நான் மறுபடியும் ஏதாவது பண்ணிடுவேன்."

"எனக்குத் தூக்கம் வருது. ரெண்டு நாளா கண்ணே மூடல."

"நீங்க பக்கத்துலயாவது நில்லுங்கப்பா."

அப்பா உள்ளே போய்க் கோரைப்பாயை விரித்தார்.

தர்மா துணியை மடித்தாள். மெதுவாக ஊற்றினாள். கடைசிச் சொட்டு இறங்கியதும் துணியைக் கொட்டகைக்கு வெளியே கொடியில் போட்டாள். பெட்ரோல் பக்கம் திருப்பிவிட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, பலகையில் ஒரு காலை ஊன்றி, பலம் கொண்டமட்டும் இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் மிஷின் ஓடியது. சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டு, அது ஒரே சீராக ஓடுகிறதா என்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள்.

பல்பு எரிந்தது. மிஷின் போட்ட அந்தச் சத்தத்திலும் அப்பா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.