வெள்ளரிக்கு ஒரு கொசுவலை

சிவப்பு வண்டுகள் வந்து உட்கார்ந்தால், இரண்டே நாளில் வெள்ளரி இலையெல்லாம் சல்லடை ஆகிவிடும். முயல் இரண்டு முறை வெள்ளரி விதைத்தாள். இரண்டு முறையும் சல்லடைதான் கிடைத்தது.

முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் வீட்டில் அவளுக்கு முயல் என்று பெயர். அப்பா சலவைக்காரர். வீட்டின் பின்னால் துணி காயப்போடும் முற்றம். அதன் மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு மண். அதுதான் அவளுடைய தோட்டம். மூன்றாம் முறையாக அங்கே வெள்ளரி முளைத்திருந்தது.

"இந்தத் தடவையும் காய்க்கலைன்னா அங்க சிமெண்ட் போட்டு, இன்னும் ரெண்டு கொடி கட்டிடுவேன் கண்ணு. துணி காயப்போட இடமே பத்தல" என்றார் அப்பா.

"எனக்கும் கொடிதான்பா வேணும். ஆனா பச்சைக் கொடி!"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்போ மருந்து வாங்கி அடிக்கலாமா?"

"ஐயோ, வேணாம்பா. தம்பி எதைப் பார்த்தாலும் வாயில போட்டுக்குவான்."

முயல் பரணிலிருந்து பழைய கொசுவலையை இறக்கினாள். அதில் ஏழு ஓட்டைகள். ஊசி நூல் எடுத்து ஏழையும் தைத்தாள். அதன் நான்கு மூலைகளையும் துணிக்கொடிகளில் கட்டி, செடிகளுக்கு மேல் கூடாரம் போலத் தொங்கவிட்டாள். காற்றில் அடிப்பக்கம் பறந்தது. ஜோடி தொலைந்த காலுறைகள் அப்பாவிடம் ஒரு கூடை நிறைய இருந்தன. அவற்றில் மணலை நிரப்பி, வலையின் ஓரத்தில் வரிசையாகக் கனத்துக்கு வைத்தாள்.

தம்பி சுற்றிச் சுற்றி வந்தான். "அக்கா, உள்ள யாரு தூங்கப் போறா?"

"வெள்ளரி."

"வெள்ளரியைக் கொசு கடிக்குமா?"

"வண்டு கடிக்கும்டா."

பள்ளிவிட்டு வந்ததும் முயல் வலைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே வெளிச்சம் பால் போல இருக்கும். வெளியே வெள்ளைப் படுக்கை விரிப்புகள் பாய்மரம் போல உப்பி, மெல்லத் தாழும். முற்றமே எங்கோ மிதந்து போவது போலத் தோன்றும். ஓர் இலையில்கூட ஓட்டை விழவில்லை. மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.

ஆனால் காய் மட்டும் வரவில்லை.

பூவுக்குப் பின்னால் நகமளவு பிஞ்சு தெரியும். மூன்றாம் நாள் அது வெம்பி உதிர்ந்துவிடும். பத்துப் பிஞ்சுகள் இப்படியே போயின. ஒரு மாலை அப்பா சிமெண்ட் மூட்டையைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைத்தார். முயல் உதிர்ந்த பிஞ்சுகளைப் பொறுக்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

மறுநாள் விடுமுறை. காலையிலேயே வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். 'ங்ஙீ...' என்று ஒரு சத்தம். ஒரு தேனீ வலையின் வெளிப்பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. மேலே போனது, கீழே வந்தது. வழி கிடைக்காமல் பறந்துபோனது. முயல் பூவுக்குள் எட்டிப் பார்த்தாள். மகரந்தப் பொடி அப்படியே இருந்தது, யாரும் தொடாமல்.

"வண்டுக்குப் பூட்டுன கதவை உனக்கும் சேர்த்துப் பூட்டிட்டேனே!"

திறந்தால் வண்டு வரும். திறக்காவிட்டால் காய் வராது. முயல் மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து உற்றுக் கவனித்தாள். வெயில் ஏறும் முன் வண்டுகள் தூக்கக் கலக்கத்தில் வலைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தன. பூ விரிந்த பிறகுதான் தேனீக்கள் வந்தன.

நான்காம் நாள் வண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பிறகு வலையின் ஒரே ஒரு பக்கத்தைத் தூக்கி, வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

காலைப் பேருந்துக்குக் கிளம்பிய அம்மா, நடத்துநர் சீருடையில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"தேனீ அக்கா, உள்ள போங்க. வண்டு சார், நீங்க இறங்குங்க" என்று முயல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, என் பஸ்ஸைவிடக் கெடுபிடியா இருக்கு!"

"சத்தம் போடாதம்மா, பயணிங்க பயந்துடுவாங்க!"

தேனீக்கள் பூவுக்குப் பூ தாவி, உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு வெளியேறின. பள்ளிக்கு நேரமானதும் முயல் வலையை இறக்கினாள். டப்பா வண்டுகளைத் தெருக்கோடியில் இருந்த காட்டுக்கொடியில் விட்டுவிட்டு ஓடினாள். தினமும் அப்படியே செய்தாள்.

நான்கு நாள் கழித்து ஒரு பிஞ்சு உதிராமல் நின்றது. சுண்டுவிரல் அளவானது. பிறகு அப்பாவின் கட்டைவிரலைத் தாண்டியது. பத்தாம் நாள் முயல் அதைப் பறித்து, கழுவி, நான்காக வெட்டினாள்.

தம்பி தன் துண்டை ஒரே வாயில் போட்டுக்கொண்டான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அப்பா 'கறுக்' என்று கடித்தார். சிமெண்ட் மூட்டையைப் பார்த்தார், இலைகளுக்கு நடுவே தொங்கிய மற்ற பிஞ்சுகளையும் பார்த்தார்.

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மண்ணைக் கொத்தித் தரட்டுமா?"

முயலின் வாய் நிறைய வெள்ளரி. தலையை மட்டும் வேகவேகமாக ஆட்டினாள்.