மூன்று பேருக்கான அறை

வாசுகி மூன்று தட்டுதான் வைத்திருந்தாள்.

சாமிதுரை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தான். அவனுக்கு ஒன்று, வாசுகிக்கு ஒன்று, பையன் பழமலைக்கு ஒன்று. சின்னவள் கனகா தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுக் குழம்பின் வாடையும் சிம்னி விளக்கின் புகையும், பீங்கான் கம்பெனிப் பக்கமிருந்து காற்றில் வருகிற வெள்ளைத் தூசியும் எல்லா நாளையும் போலத்தான் வீட்டுக்குள் கிடந்தன.

"புள்ளைக்குத் தட்டு எங்க?"

வாசுகி அவனைப் பார்த்தாள். பிறகு கனகா பக்கம் திரும்பினாள். பார்வை பிள்ளை மேல் வந்து நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது, வெயிலிலிருந்து இருட்டு வீட்டுக்குள் நுழைந்தவள் தடவித் தேடுகிற மாதிரி.

"பொழுதுக்கும் அடுப்புல நின்னா புத்தி எங்க இருக்குது" என்று முனகிக்கொண்டே எழுந்து போனாள்.

"அம்மாவுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சிப்பா" என்றாள் கனகா. ஐந்து வயசுக்கு மீறிய வாய்.

பழமலை சிரித்தான். சாமிதுரையும் சிரித்தான். அன்று மத்தியானம்தான் அவன் மெட்ராஸ் லாட்ஜுக்கு எழுதிய கடைசிக் கார்டைத் தபால் பெட்டியில் போட்டிருந்தான்.

சூளையின் உள்செங்கல் மாற்றுவதற்காக மே மாதம் ஒரு வாரம் கம்பெனியை மூடுகிறார்கள். பதினோரு வருஷமாகச் சூளைக்குள் சாமான் அடுக்குகிறவனுக்குச் சேர்ந்தாற்போல ஒரு வாரம் கிடைப்பது இதுதான் முதல் தடவை. கனகா ஆறு மாதமாகக் கடல், கடல் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். திட்டக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது பக்கத்து ஏரியைக் காட்டி இதுதான் கடல் என்றான். "ஏரியக் காட்டி ஏமாத்தாத" என்றாள். கடலூரும் அவளுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுப் பூவாயியின் மகள் பார்த்துவிட்டு வந்து பீற்றிக்கொண்டது மெட்ராஸ் கடல்.

கம்பெனி ஆபீஸ் கிளார்க் கோவிந்தராசு நாலு லாட்ஜு விலாசம் கொடுத்தார். நாலுக்கும், பதில் எழுத இன்னொரு கார்டு ஒட்டியிருக்கிற ரிப்ளை கார்டு போட்டான். மூன்று லாட்ஜுக்காரர்கள் சொன்ன வாடகை அவன் கைக்கு எட்டாதது. நாலாவதில் மட்டும், மூன்று கட்டில் போட்ட அறை நாளுக்கு ஆறு ரூபாய், மூன்று பேருக்கு மேல் அனுமதி இல்லை, மொத்தம் எத்தனை பேர் என்று எழுத்து மூலம் உறுதி செய்யவும் என்று வந்தது.

"நாங்க நாலு பேராச்சே சார்."

"ஏய்யா சாமிதுரை, சின்னதப் போய் ஒரு ஆளுன்னு எழுதுவியா? மூணுன்னு எழுது. போய் எறங்கினப்புறம் நடுவுல இடுக்கிப் படுக்க வச்சிக்க. லாட்ஜுக்காரன் என்னா பாய விலக்கித் தலைய எண்ணப் போறானா?"

சாமிதுரை நாலாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டி, வாய்விட்டுச் சொல்லித்தான் எழுத வரும். கோவிந்தராசுவின் மேஜை ஓரத்தில் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி எழுதினான். எங்கள் குடும்பத்தில் மொத்தம் மூன்று பேர். நாலாவது ஆள் யாரும் இல்லை. இப்படிக்கு, சாமிதுரை.

மறுநாள் காலையில் வாசுகி பையனுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரிவிட்டு, சீப்பைக் கழுவிச் செருகிவைத்தாள். கனகா தலையை விரித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். சாமிதுரை சொன்னதும் வாசுகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளை இழுத்து மடியில் வைத்து, வலிக்க வலிக்கச் சிக்கெடுத்தாள். அதற்கடுத்த நாள் அவன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கிளம்புகிற அன்று பூவாயி வாசல் வரை வந்தாள். "மூணு பேரும் பத்திரமாப் போயிட்டு வாங்க. ஏ வாசுகி, அங்க வெயிலு அதிகம், பையனக் கருக்கிக் கொண்டாந்துடாத."

கனகா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். பூவாயி முள்ளில் மாட்டியதை எடுத்துவிடுவது போல, கீழே பார்க்காமலே புடவையை விடுவித்துக்கொண்டாள்.

ஜங்ஷனில் இரண்டு முழு டிக்கெட்டு, இரண்டு அரை டிக்கெட்டு என்று கேட்டான். கவுன்டர்காரர் கம்பிக்குள்ளிருந்து ஒரு அரை டிக்கெட்டுதான் தள்ளினார். மீதிச் சில்லறை அந்த மூன்று டிக்கெட்டுக்குச் சரியாக வந்தது. "ரெண்டு அரை சார்" என்றான். அவர் எட்டிப் பார்த்தார். பழமலையைப் பார்த்தார். "ஒரு பையனுக்கு எத்தினி டிக்கெட்டுய்யா வாங்குவ? நவுரு."

ரயில் கிளம்பிய பிறகு அவனுக்குச் சூளை ஞாபகம் வந்தது. சாமான் அடுக்கிக் கதவை அடைப்பதற்கு முன்னால் எத்தனை ஜாடி, எத்தனை பொம்மை என்று கதவில் சாக்கட்டியால் எழுதுவார்கள். சூடு ஆறிப் பிரிக்கும்போது எழுதியதற்கு மேல் ஒன்று வந்துவிட்டால், சூப்பர்வைசர் முதலிலிருந்து மறுபடி எண்ணச் சொல்லுவார். சாயங்காலம் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் கூடுதலாக வந்ததை யாரும் வெளியே சொல்வதில்லை. பின்பக்கமாக எடுத்துப்போய் உடைசல் மேட்டில் போட்டுவிடுவார்கள். நல்ல ஜாடியாகத்தான் இருக்கும். கீறல் இருக்காது, கோணல் இருக்காது. அவனே எத்தனையோ போட்டிருக்கிறான். அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

உளுந்தூர்பேட்டையில் ஒரு தடித்த ஆள் ஏறி, நேராக வந்து கனகா இருந்த இடத்தில் உட்கார்ந்தான். பிள்ளை வழுக்கிக் கீழே இறங்கியிராவிட்டால் அவள் மேலேயே உட்கார்ந்திருப்பான்.

"புள்ள இருந்த எடங்க அது."

அந்த ஆள் வாசுகியைப் பார்த்தான். வாசுகி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எங்கப்பா உக்காரட்டும்?" என்றாள் கனகா.

மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். கரி வாசனை, வேர்வை, அவள் தலையின் தேங்காய் எண்ணெய் வாசனை. மெட்ராஸில் இறங்கியதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பொய் எழுதினேன், நாலு பேர், கூட எவ்வளவோ வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். எழுதியதால் வந்தது எழுதினால் போய்விடும். அது ஒன்றைத்தான் விழுப்புரம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தான். பயம் என்று இல்லை. சூளைக்குள் ஒரு மணிநேரம் நின்றவனுக்குக் காதில் ஒரு இரைச்சல் மட்டும் இருக்குமே, அப்படி.

லாட்ஜு எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பினாயில், ஊறிய சுவர், எங்கேயோ குழாயிலிருந்து நிற்காமல் சொட்டுகிற தண்ணீர். மேஜைக்குப் பின்னால் மேனேஜர், காதில் பென்சிலோடு, ரெஜிஸ்டரைத் திறந்தார். அறை எண் ஏழு. அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு, எதிரே அவர்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார்.

"சார், நாங்க நாலு பேருங்க. மூணுன்னு எழுதினது பொய்யிங்க. கூட ஆவறத வாங்கிக்கங்க."

மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆளக் கொறைச்சிச் சொல்றவங்கள தெனம் பாக்கறேன். கூட்டிச் சொல்றவர இன்னிக்கித்தான் பாக்கறேன். நாலாவது ஆளு பின்னால வராரா?"

"இந்தா நிக்குதுங்களே."

மேனேஜர் மேஜை மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். கனகா டிரங்குப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண் அவள் முகத்தின் மேல்தான் இருந்தது. வெகு நேரம் இருந்தது.

"பெட்டிக்கெல்லாம் தனியா வாங்கறதில்லைங்க" என்றார்.

சாமிதுரை மேஜையிலிருந்த பேனாவை எடுத்தான். மூன்றுக்குக் கீழே நான்கு என்று போட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே க, ன, கா என்று எழுதினான். மேனேஜர் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு ஸ்கேலை எடுத்து வைத்தார். சிவப்பு மையில் அந்தப் பெயரின் நடுவே ஒரு கோடு கிழித்தார். மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தினார். எல்லாவற்றையும் நிதானமாக, சுத்தமாகச் செய்தார்.

"கண்டதையும் எழுதினா நாளைக்கு போலீஸ்காரன் வந்து என்னைத்தான் கேப்பான்."

"ஏங்க மானத்த வாங்கறீங்க" என்றாள் வாசுகி. "வூட்ல இருந்தே இப்படித்தான் இருக்கீங்க. யாரு கனகா?"

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

சாமிதுரை அவள் கையைப் பிடித்தான். மாடிப்படி ஏறும்போது பிடித்திருந்தான். அறையில் பிடித்திருந்தான். வாசுகியும் பையனும் முகம் கழுவும்போதும் பிடித்திருந்தான். சூளைச் சாமானைப் பிடித்துப் பிடித்து அவன் விரல்களில் தோல் செத்துப்போய் வருஷமாகிறது. சூடு தெரியாது, குளிர் தெரியாது. பிள்ளையின் கை தன் கைக்குள் இருக்கிறதா என்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும். பார்த்தான். இருந்தது. பஸ்ஸில் பார்த்தான். இருந்தது. கண்டக்டர் மூன்று டிக்கெட்டு கிழித்தார். பார்த்தான். இருந்தது. நினைப்பு நழுவும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தான். கனகா. அஞ்சு வயசு. வலது புருவத்தில் தழும்பு. கனகா. அஞ்சு வயசு.

கடற்கரை நிறுத்தத்தில் இறங்கினார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் கார்கள் நிற்காமல் போயின. கனகா. அஞ்சு வயசு. ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டே வந்தது. பழமலை ரோட்டில் கால் வைத்தான்.

"டேய்" என்று சாமிதுரை இரண்டு கையாலும் பாய்ந்து அவனைப் பிடித்து இழுத்தான்.

பஸ் போய்விட்டது.

மூன்று பேரும் ரோட்டைத் தாண்டினார்கள். மணலில் நடந்தார்கள். சுண்டல் வாங்கித் தின்றார்கள். அலை வந்து காலை நனைத்தது, போனது. உப்புக் காற்றில் வாசுகியின் முந்தானை படபடத்தது.

"இம்மாந்தூரம் இதப் பாக்கவா வந்தோம்?" என்றாள் அவள். "வெறும் தண்ணி. யாரு கடலு பாக்கணும்னு கேட்டது?"

"நான் கேக்கல. நான் சிங்கம்தான் கேட்டேன்" என்றான் பழமலை.

"நானும் கேக்கல. உங்கப்பாதான் கேட்டிருப்பாரு."

சாமிதுரை யோசித்துப் பார்த்தான். தான் கேட்டதாக ஞாபகம் இல்லை. இடது கை விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல மடங்கியே இருந்தன. வலது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அறைக்குத் திரும்பினார்கள். கட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று. தாராளமாக இருந்தது. நல்ல அறை, கொடுக்கிற காசுக்குக் குறைச்சல் இல்லை என்றாள் வாசுகி. சாமிதுரை கதவைத் தாழ்ப்பாள் போட்டான். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. மனசுக்குள் ஒன்றும் இல்லை. வேலை முடிந்த மாதிரி இருந்தது.

அப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

எழுந்து போய்த் திறந்தான். தாழ்வாரம். மஞ்சள் பல்பு. ஒருவரும் இல்லை. சிமென்டுத் தரையில் ஈர மணல் படிந்த சின்னச் சின்னக் காலடிகள், படிக்கட்டிலிருந்து வரிசையாக வந்து அவன் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எங்கிருந்தோ தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. எந்த வீட்டுப் பிள்ளையோ. கதவைச் சாத்தினான்.

மறுபடி தட்டல்.

"அப்பா, கீழ தட்றாங்க" என்றான் பழமலை.

ஆமாம். கீழே. இடுப்பு உயரத்துக்கும் கீழே. மெதுவாக. விட்டு விட்டு.

"வேற ரூம்பு புள்ளைங்க வெளாடுதுங்க. விடுங்க" என்றாள் வாசுகி. "அங்க பாருங்க, தண்ணி வருது."

கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. மணலோடு. உப்பு வாடையோடு.

சாமிதுரை தோளிலிருந்த துண்டை உருட்டினான். குந்தி உட்கார்ந்து இடைவெளியில் வைத்து நெருக்கி அடைத்தான். தண்ணீர் நின்றது. தட்டலும் நின்றது.

"என்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. படு."

துண்டு அசைந்தது.

ஓரத்தில். கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம்.

நான்கு சின்ன விரல்கள். உள்ளே வந்தன. ஈரம். நகக்கண்ணில் மணல்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் எதையும் தேடவில்லை. பிறாண்டவில்லை. தரையில் படிந்து, யாராவது பிடிப்பார்கள் என்பது போல அப்படியே இருந்தன.

சாமிதுரை துண்டை எடுத்து, அவற்றின் மேல் வைத்து, வெளியே தள்ள ஆரம்பித்தான்.