தூணுக்கும் சுவருக்கும் நடுவே

தெருவிலிருந்து பார்த்தால் அது சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருந்த வெறும் கதவு. திறந்தால் படிகள் கீழே இறங்கின. ஒரு காலத்தில் மூட்டை அடுக்கிய நிலவறை. இப்போது வாரக் கடைசியில் பாட்டுக் கச்சேரி நடக்கிற கூடம். ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. மேலே வெயில் இன்னும் முழுசாகச் சாயவில்லை, உள்ளே இறங்கியவர்களுக்கோ தங்கள் கையே தெரியவில்லை.

மூத்தவள் கேமரா பையோடு முன்னால் இறங்கினாள். பின்னால் இளையவள், கழுத்தைச் சுற்றி மஃப்ளரும் படிக்கு ஒரு புலம்பலுமாக வந்தாள்.

"அக்கா, குரல் வரலன்னா என்ன பண்றது?"

"வாயை மட்டும் அசை. படத்துல சத்தம் விழாது."

இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகத்தான் மூத்தவள் அப்படிச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மேடையில் எவனோ ஒருவன் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்தான். இளையவளுக்கு வரி மறந்துபோய், பாதிப் பாட்டில் இறங்கி ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு குளியலறையில்கூட அவள் பாடவில்லை. அம்மாவும் இல்லாத வீட்டில் அந்த மௌனத்தோடு குடித்தனம் நடத்தியது மூத்தவள்தான். அன்றிலிருந்து அவள் ஃபிளாஷைத் தொடுவதில்லை. இன்றைக்குத் தங்கை முழுசாகப் பாடிவிட்டு நல்லபடியாக இறங்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். படம் கிடைத்தால் அது மேல்வரும்படி.

ஃபிளாஷ் இல்லாமல் இருட்டில் படம் எடுப்பது கேட்பதற்குத்தான் சுலபம். லென்ஸை அகலத் திறந்துவைத்து, ஷட்டரை மெதுவாக மூட விட வேண்டும். அதற்குள் எவர் அசைந்தாலும் படத்தில் கரைந்துபோவார். எடுப்பவள் அசைந்தால் மொத்தமும் போச்சு. அதனால் மூத்தவள் ஒரு வித்தை பழகியிருந்தாள். எதிலாவது முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு மீதியை நிறுத்தி, விரலை மட்டும் அழுத்துவாள். அந்த நேரத்தில் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கத் தோன்றும் என்று இளையவள் கேலி செய்வாள்.

தங்கையிடமும் ஓர் ஏற்பாடு இருந்தது.

"கடைசிப் பாட்டு முடியறப்போ ஒரு நீள இழுப்பு வருதுல்ல, அப்போ கண்ணை மூடிட்டு ஆடாம அசையாம நில்லு. மீதியை நான் பாத்துக்கறேன்."

"சிலை மாதிரியா?"

"சிலைக்கே பொறாமை வரணும்."

கூடத்தின் பின்கோடியில் சவுண்டுக்காரர் மேசைக்குப் பின்னால் நின்று தோளை ஆட்டிக்கொண்டிருந்தார். பாட்டு இன்னும் தொடங்கவில்லை. டிக்கெட் கிழிக்கிற பெண்ணும் இடுப்பை அசைத்தபடியே நின்றாள். நாற்காலி துடைத்தவர் துடைத்து முடித்த பிறகும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். நல்ல குதூகலமான கூட்டம் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

மேடையின் இடப்பக்கம் தடித்த தூண் ஒன்று இருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் செருகிக்கொள்ளலாம். அவள் அங்கே போவதைப் பார்த்துச் சவுண்டுக்காரர் ஓடி வந்தார்.

"அங்க வேண்டாம்மா."

"ஏண்ணே, மறைக்குமா?"

"மறைக்காது. ஆட இடமில்ல. இங்க எங்க நின்னாலும் கொஞ்சம் ஆடிக்கிட்டே நிக்கணும்."

"நான் ஆடினா படம் ஆடிடும்ணே."

"ஆடட்டும்," என்றார். அவர் சிரிக்கவில்லை.

காரணம் கேட்டதற்கு, "சொன்னா கிறுக்கன்னு சொல்லுவீங்க," என்று ஒயரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சொல்லாமலேயே மூத்தவள் அவரைக் கிறுக்கன் என்று முடிவுகட்டிவிட்டு, இடுக்கில் போய் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். சுவர் சில்லென்று இருந்தது.

கூட்டம் நிரம்பியது. வந்தவர்கள் தூணை அடைத்துக்கொண்டு நின்றதில் அவளுக்குக் கையை நீட்டக்கூட வழியில்லை. மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மேடையில் எரிந்தது. இளையவள் காதுகளில் இயர்போனை அழுத்தி மாட்டிக்கொண்டாள். அதில் வாத்தியமும் அவள் குரலும் மட்டும் வரும், கூட்டத்தின் இரைச்சல் வராது. பிறகு பாடினாள்.

குரல் வந்தது. முதலில் தயங்கி, பிறகு தாராளமாக வந்தது. மூத்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, மூச்சை நிறுத்தி, முதல் படத்தை எடுத்தாள்.

கேமராவின் திரையில் பார்த்தாள். டிரம்ஸ் அடிப்பவன் புகையாகக் கரைந்திருந்தான். தங்கை ஒரு சிவப்புத் தீற்றல். ஆனால் மேடையின் பின்சுவரோரம் நின்ற ஒருவர் மட்டும் சட்டைப் பொத்தான் வரைக்கும் துல்லியமாக விழுந்திருந்தார். வயதானவர். மார்பில் பழைய கேமரா ஒன்று தொங்கியது.

நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள்.

பின்சுவரோரம் யாருமில்லை.

இறங்கிப் போயிருப்பார் என்று அடுத்த படத்தை எடுத்தாள். கிட்டார்காரன் குனிந்து, அசையாமல், கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். படத்தில் அந்த ஆள் அவனுக்குப் பக்கத்தில் நின்றார். கை அவன் தோளை நோக்கி நீண்டிருந்தது. கிட்டார்காரன் நிமிர்ந்து தலையை ஆட்டத் தொடங்கினான். அடுத்த படத்தில் நீட்டிய கை தாழ்ந்துவிட்டது, முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அடுத்து யார் என்று தேடுகிற முகம்.

சவுண்டுக்காரர் சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூட்டத்தைப் பார்த்தாள். இந்தக் கூடத்துக்குப் பழக்கப்பட்டவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாளத்தில் சேராதவர்கள்கூட வெறுமனே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இருட்டறையில் படம் கழுவுகிற மருந்தின் புளித்த வாடை மெல்ல வந்தது.

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசிப் பாட்டு. குரல் மட்டும்.

"ஏய், நிக்காதடி!" என்று மூத்தவள் கத்தினாள். முன்னால் நின்ற பெண் திரும்பி உதட்டில் விரல் வைத்தாள். "கொஞ்சம் வழி விடுங்க, என் தங்கச்சி" என்று தள்ளிப் பார்த்தாள். கூட்டம் அசைந்ததே தவிர வழி விடவில்லை. தோள் தூணில் சிராய்த்ததுதான் மிச்சம். பின்கோடியில் நின்ற சவுண்டுக்காரருக்குக் கை ஆட்டலாம் என்றால் இருட்டில் எப்படித் தெரியும்? ஒரு ஃபிளாஷ் இருந்திருந்தால் போதும். கண்ணை மூடியிருந்தாலும் தங்கை திடுக்கிட்டிருப்பாள். அதைத்தான் இரண்டு வருடமாகத் தொடாமல் இருந்தாளே!

இளையவள் கண்ணை மூடினாள். நீள இழுப்பைத் தொடங்கினாள்.

அக்கா சொன்னபடியே, ஆடாமல் அசையாமல் நின்றாள்.

மூத்தவள் கூட்டம் இடிக்க இடிக்கப் படம் எடுத்தாள். எல்லாமே கலங்கியிருந்த அந்தப் படத்தில்கூட அவர் தெளிவாக நின்றார். தங்கைக்கு நேர் பின்னால். இரண்டு கைகளும் அவள் கழுத்தருகே இருந்தன.

அசையாதவரிடம்தான் அவர் போகிறார். தங்கையை அசைக்க முடியாது. அப்படியானால் அவளைவிட அசையாமல் ஒருத்தி நிற்க வேண்டும்.

மூத்தவளுக்கு அழுகை முட்டியது. ஓடிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. அவள் முதுகைச் சுவரில் ஒட்டினாள். முழங்கைகளை விலாவோடு சேர்த்தாள். மூச்சைப் பாதி விட்டு, மீதியை நிறுத்தினாள். பாடுகிறவளுக்குத் தொண்டையாவது அசையும். இவளுக்கு அதுவும் இல்லை.

விரலை மட்டும் அழுத்தினாள்.

படத்தில் அவர் இவள் பக்கம் திரும்பியிருந்தார்.

மறுபடி அழுத்தினாள்.

மேடையின் விளிம்பில் நின்றார்.

மறுபடி.

கூட்டத்துக்கு நடுவே.

நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. மூச்சை விட்டால் அவர் மறுபடி மேடைக்குத்தான் போவார். தங்கையின் குரல் இன்னும் நீண்டுகொண்டிருந்தது, எவ்வளவு அழகான குரல். மூத்தவள் மூச்சை விடவில்லை.

புளித்த வாடை முகத்தில் மோதியது. காதோரம் ஒருவர் மெதுவாக, மிகவும் கனிவாகச் சொன்னார்:

"அப்படியே இருங்கம்மா. அசையாதீங்க."

எங்கோ ஒரு பழைய ஷட்டர் மூடியது.

கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. இளையவள் கண்ணைத் திறந்து, சிரித்து, கும்பிட்டாள். மூத்தவள் கைதட்ட நினைத்தாள். கை எழவில்லை. கேமரா அவள் விரல்களில் நிற்காமல், விரல்களே இல்லாததுபோல் நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் தானாகவே ஒருமுறை கிளிக் என்றது. கூட்டம் படியேறியது. அந்தக் கூட்டத்தோடு, படங்களில் நின்ற அதே வயதானவர் தோளைக் குலுக்கிக் குலுக்கி, பழகாத ஆட்டமாக ஆடிக்கொண்டே மேலேறிப் போனதை அவள் மட்டும் பார்த்தாள்.

"அக்கா! பாடிட்டேன்கா! எங்க இருக்க?"

இளையவள் ஓடி வந்தாள். அக்காவின் முகத்துக்கு நேராக நின்றாள். அவள் பார்வை அக்காவைத் தாண்டிச் சுவரில் போய் முட்டியது.

"இங்கதான் இருக்கேன்டி," என்றாள் மூத்தவள். உதடு பிரியவில்லை, சத்தமும் வரவில்லை.

சவுண்டுக்காரர் வந்தார். தரையில் கிடந்த கேமராவைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் தோள் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

"மேல போயிடலாம் வாம்மா. இங்க நிக்காதே."

"அக்கா இல்லாம நான் எங்கயும் வரல."

அவர் இழுத்துப் பார்த்தார். அவள் உதறிவிட்டாள். "அப்போ ஆடிக்கிட்டே இரு, தயவுசெஞ்சு ஆடிக்கிட்டே இரு. பெரிய லைட்டைப் போட்டுட்டு வந்துடறேன்," என்று சுவிட்சை நோக்கி ஓடினார்.

இளையவள் கேமராவை எடுத்துக் கடைசிப் படத்தைப் பார்த்தாள். தரையிலிருந்து மேல் நோக்கி விழுந்த படம். இரு பக்கமும் தூணும் சுவரும். நடுவில் அக்கா, கண்ணிமை வரைக்கும் துல்லியமாக நின்றாள்.

நிமிர்ந்து இடுக்கைப் பார்த்தாள். காலியாக இருந்தது. மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள். "இங்கதான் இருக்கியா? இரு, எடுத்துப் பாக்கறேன்."

அக்கா படம் எடுக்கிற வித்தையை அவளும் எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! முழங்கைகளை விலாவோடு ஒட்டினாள். மூச்சைப் பாதி விட்டாள். மீதியை நிறுத்தினாள்.

வேண்டாம் கண்ணு, வேண்டாம், அசையுடி என்று மூத்தவள் கதறினாள். எதுவும் வெளியே வரவில்லை.

அதுவரை நகர மறுத்த அவளுடைய கால், அவள் ஏவாமலேயே, தங்கையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது.